நாலாயிரத்து நூற்றுப் பதினேழாவது பொட்டலம்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குப் பொட்டலம் என்று பெயர். முகத்துக்கு நேரே பொட்டலம் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் பொட்டலம். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. செய்கிற வேலை அதுதானே. மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளரும் லைக்கன்களைக் காகிதத்தில் மடித்து, எண் போட்டு, பெட்டியில் அடுக்குவது. இலையையும் பூவையும் அட்டையில் ஒட்டிவிடலாம். லைக்கன் பட்டைத் துண்டோடு வரும், ஒட்ட முடியாது, பொட்டலம்தான் கட்ட வேண்டும். கீழ்விளிம்பை மேலே மடித்து, மேல்விளிம்பைக் கீழே இறக்கி, இரண்டு பக்கத்தையும் பின்னால் மடக்கினால் முடிந்தது. பசையும் கிடையாது, பின்னும் கிடையாது. அவர் மடித்த பொட்டலத்தைத் தலைகீழாக உதறினாலும் ஒரு துகள் சிந்தாது.

லைக்கன் என்பது பார்க்கிறவர்களுக்கு மரத்தில் பிடித்த அழுக்கு. உண்மையில் அது ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டும், பாசி சமைத்துப் போடும். பிரித்துவிட்டால் பூஞ்சை பிழைப்பது கஷ்டம். வேலைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் பொட்டலம் சார் இதைச் சொல்லி, "எங்க வீட்லயும் அதே கதைதான். நான் கட்டறது பொட்டலம் மட்டும்தான்" என்று முடிப்பார். முப்பது வருடமாக ஒரே ஜோக். கேட்டவர்களும் முப்பது வருடமாகச் சிரித்து வைத்தார்கள்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வரிசை. வந்த பொட்டலம் மூன்று நாள் குளிர்பெட்டியில் கிடக்க வேண்டும், பூச்சி சாக. பிறகு காத்திருப்புப் பெட்டியில் எண்படி நிற்க வேண்டும். முறை வரும்போதுதான் பிரித்துப் பார்த்து, பதிவேட்டில் ஏற்றி, மேடத்தின் மேஜைக்கு அனுப்புவார். மேடம் என்பது அங்கே லைக்கன்களுக்குப் பெயர் வைக்கும் விஞ்ஞானி. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர், அவரைவிடப் பத்து மடங்கு அவசரக்காரர். "சார், இது ஒண்ணை மட்டும் முன்னாடி எடுத்துக் குடுங்களேன்" என்று அவரே வந்து நின்றாலும், "வரிசையில இருக்கு மேடம்" என்பார். மேலிடத்திலிருந்து சிபாரிசு வந்தாலும் இதே பதில்தான்.

அவர் மனைவி தையல் கடையில் வேலை பார்த்தாள். கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனால், மற்றவர்கள் லென்ஸ் வைத்துப் பார்ப்பதை வெறும் கண்ணால் பார்த்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் லைக்கன் தேடிக் கிளம்பும்போது அவளும் கூடவே போவாள். லைக்கன் மேல் ஆசை என்று சொல்ல முடியாது. போகாவிட்டால் வாரத்தில் புருஷன் முகத்தைப் பார்க்கக் கிடைப்பதே அபூர்வம். பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, சோதனை, மாத்திரை எல்லாம் பார்த்து, இருந்த ஆசையும் கரைந்து, ஒரு வயதுக்குமேல் அந்தப் பேச்சையே இருவரும் விட்டுவிட்டிருந்தார்கள். மற்றவர்கள்தான் விடவில்லை. கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் யாராவது ஒருத்தி வந்து குசலம் விசாரிக்கிற சாக்கில் கேட்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், ஆற்று முகத்துவாரத்தில், அலையாத்திக் காட்டுக்குள் படகு நுழைந்தது. கடைசி வளைவில், சேற்றிலிருந்து முழங்கால் முழங்காலாக வேர்களை ஊன்றி நின்ற ஒரு கிழட்டு மரம். படகுக்காரர் கயிற்றைக் கட்டிவிட்டுப் பீடி பற்றவைத்தார். பொட்டலம் சார் ஒரு பக்கம் சுரண்டிக்கொண்டிருக்க, அவள் மறுபக்கம் மரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, மோப்பம் பிடிக்கிறியா?"

"சும்மா கிண்டல் பண்ணாதீங்க. இங்க வந்து பாருங்க. இது நம்ம பெட்டியில இல்லாதது."

நம்ம பெட்டி என்றாள். அவர் சிரித்துக்கொண்டே லென்ஸை வைத்தார், சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் பச்சையாக ஒரு படலம். பட்டையோடு பட்டையாக, நகத்தால் நெருட முடியாத மெல்லிசு. ஓரத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி கறுப்புக் கோடு. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, வெயில் படாத பக்கத்தில். கட்டைவிரல் நகம் அளவுக்குமேல் எடுக்கக் கூடாது என்பது தொழில் தர்மம், மற்றதை வளர விட்டுவிட வேண்டும். அவ்வளவே எடுத்தார்கள்.

மேடம் அதன் மேல் ஒரு துளி காரக் கரைசலை விட்டுப் பார்த்தார். மஞ்சளாகிப் பிறகு ரத்தச் சிவப்பானது. புத்தகங்களைப் புரட்டினார், வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

"புதுசுதான் சார், சந்தேகமே இல்ல. ஆனா கனி இல்லையே. கனிக்குள்ள இருக்கற வித்துகளப் பாத்தாத்தான் எந்தக் குடும்பம், எந்த ஜாதின்னு சொல்ல முடியும். காய்க்கட்டும், பேர் வெச்சிடலாம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அது ஒரு வேலையாகிவிட்டது. வருடத்துக்கு மூன்று தடவை, நான்கு தடவை படகு எடுத்துப் போய்ப் பார்ப்பது. அவள் கண்ணாடியைக் கழற்றி, மரத்தில் முகத்தை வைத்து, அங்குலம் அங்குலமாகத் தேடுவாள். கடுகில் கால்வாசி அளவுக்குக் கறுப்பு வட்டுகள் தெரிய வேண்டும். தெரியவில்லை. "நமக்குத் தோதா வந்து மாட்டியிருக்கு பாருங்க" என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள். அவரும் சிரித்தார். இருவரும் சேர்ந்து அதைப்பற்றிச் சிரிக்க முடிந்தது அந்த ஒரு தடவைதான்.

எட்டாவது வருடம். அன்று காலையிலிருந்தே அவருக்கு எதுவும் சரியில்லை. முந்தின நாள் ஆபீசில் தணிக்கைக்கு வந்த ஒரு ஆள், "இந்த வேலைக்கு முப்பது வருஷமா ஒரு ஆளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் தட்டி, இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. மரத்தில் வழக்கம்போல ஒன்றுமில்லை. படித்துறையில் காலைக் கழுவும்போது அவள், "அடுத்த தடவை மழைக்கு அப்புறம் வருவோமா?" என்றாள்.

"எதுக்கு? அது காய்க்காது. எட்டு வருஷமாக் கட்டிக்கிட்டு அழுதாச்சு. போதும், விட்டுத் தொலை."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவள் தண்ணீரிலிருந்து காலை எடுத்துச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அந்த மனிதர் சத்தியமாக லைக்கனைத்தான் சொன்னார். ஆனால் அதை எப்படி விளக்குவது? மன்னிப்புக் கேட்டால், மனதில் அப்படி நினைத்துத்தான் சொன்னதாக ஆகிவிடும். கேட்காமல் விட்டால் தானாக ஆறிவிடும் என்று கணக்குப் போட்டார். முப்பது வருடம் குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு இந்தக் கணக்குக்கூடத் தெரியவில்லை. எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் சண்டை போடவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, துவைத்த சட்டை, வீட்டுக்கு வேண்டிய பேச்சு. படகு, மரம் என்ற வார்த்தை மட்டும் வீட்டிலிருந்து போய்விட்டது. அவருக்கு நெஞ்சில் முள் மாதிரி ஒரே ஒரு ஆசை. அந்தப் பாழாய்ப்போனது ஒருநாள் காய்த்துவிட வேண்டும். "நான் சொன்னது தப்பு, வந்து பாரு" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட வேண்டும். மன்னிப்பைக் கேட்காமலே கேட்ட மாதிரி இருக்கும். ஆனால் தனியாகப் போய்ப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. காய்க்காமல் இருந்து தொலைத்தால்?

சில மாதம் கழித்து நிலையத்துக்காரர்களோடு மலைப்பக்கம் மூன்று நாள் போய்விட்டு, முப்பத்தொன்பது பொட்டலத்தோடு திரும்பினார். பையை வழக்கம்போல வாசல் ஆணியில் மாட்டினார், மறுநாள் எடுத்துக்கொண்டு போய்க் குளிர்பெட்டியில் வைத்தார். பிறகு காத்திருப்புப் பெட்டி. அந்தச் சமயம் பார்த்து மூடிப்போன ஒரு கல்லூரியிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் பழைய பொட்டலம் வந்து இறங்கியது. பழசு என்பதால் அவற்றின் எண்கள் சின்னவை, வரிசையில் முன்னால் நின்றன. மலைப் பொட்டலங்கள் பின்னால் நகர்ந்தன.

அந்த நாட்களில்தான் அவள் புதுப் பழக்கம் ஒன்றை ஆரம்பித்தாள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"இன்னிக்கு என்ன பிரிச்சீங்க?"

"என்னத்தப் பிரிக்கிறது. எவனோ அம்பது வருஷத்துக்கு முன்னாடி சுரண்டின குப்பை."

"புதுசா ஒண்ணும் இல்லையா?"

"புதுசு எங்கேருந்து வரும்?"

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். தன்னிடம் பழையபடி பேச்சுக் கொடுக்கிறாள், கோபம் ஆறிவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார். ஐந்தாறு மாதம் அவள் விடாமல் கேட்டாள். பிறகு என்றைக்கு நிறுத்தினாள் என்று அவருக்கு ஞாபகமில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அவளுக்கு உடம்புக்கு வந்துவிட்டது. சிறுநீரகம். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி, குழாய், படுக்கை. அவர் லீவு போட்டு ஓடினார், லீவு தீர்ந்த பிறகு சம்பளமில்லாமல் ஓடினார். ஒரு மத்தியானம், கைகால் வீங்கிப் படுத்திருந்தவள், கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அந்த மலைக்குப் போனீங்களே, அந்தப் பொட்டலமெல்லாம் பாத்தாச்சா?"

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? வரிசையில இருக்கு. நீ பேசாமப் படு."

அவள் பேசாமல் படுத்தாள். ஏழு மாதத்தில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, தையல் மிஷினின் இழுப்பறையை ஒழித்தார். நூல்கண்டு, ஊசி, காலண்டர் தாளில் மடித்த வெறும் பொட்டலங்கள் ஒரு கட்டு. தான் எப்போதோ கொண்டுவந்து போட்டதாக இருக்கும் என்று நினைத்து, பட்டன்களை அதில் போட்டு வைத்தார். வேலைக்குப் போனார், வந்தார். ஜோக் சொல்வதை நிறுத்திவிட்டார். புதிதாக வந்தவர்களிடம் பூஞ்சை, பாசி என்று ஆரம்பித்து, குடித்தனம் என்ற இடம் வருவதற்குள் வேறு பேச்சுக்கு மாறிவிடுவார்.

கல்லூரிப் பொட்டலங்கள் தீர்ந்து மலைப் பொட்டலங்களின் முறை வந்தது மே மாதத்தில். தினம் நான்கு, ஐந்து. பதினொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு 4117ஐ எடுத்தார். மலைப் பொட்டலங்களில் கடைசி. மேலே பென்சிலில் எண், கச்சிதமான மடிப்பு, தன் கை மடிப்புதான். பிரித்தார். உள்ளே இருந்தது மலை மரத்தின் பட்டை இல்லை.

சாம்பல் பச்சைப் படலம். ஓரத்தில் கறுப்புக் கோடு. நடுவில், கடுகில் கால்வாசி அளவுக்கு, கறுப்பு வட்டுகள். ஒன்று, இரண்டு என்று எண்ணி இருபத்திரண்டு வரைக்கும் போனார். அடியில் சீட்டு ஒன்று மடித்திருந்தது. வெளியூர் போகும்போது அவர் எழுதும் அதே முறையில், அதே வரிசையில், தையல் அளவு எழுதும் குண்டுக் கையெழுத்து.

முகத்துவாரம், கடைசி வளைவு. அலையாத்தி மரம், வெயில் படாத பக்கம். தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு சாண். மார்ச் ஒன்பது. வருடமும் போட்டிருந்தாள். சேகரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர், ஒரு கமா, அவள் பெயர். குறிப்பு என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை: காய்ச்சிருக்கு.

அவர் மலைக்குப் போயிருந்த மூன்று நாளில் ஒருநாள் அது. பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், பிறகு மேடத்தைக் கூப்பிட ஓடினார். பொட்டலம் சார் வாய்விட்டு அழுதார். முப்பத்துச் சொச்சம் வருடத்தில் அந்த அறையில் யாரும் அப்படிச் சத்தம் கேட்டதில்லை.

அடிமுட்டாளே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். மலையிலிருந்து கொண்டுவந்தது முப்பத்தொன்பது. கடைசி எண் 4116. அன்று ராத்திரி வாசல் ஆணியில் தொங்கிய பையில் அவள் ஒன்றைச் சேர்த்திருக்கிறாள். பெட்டியில் வைக்கும்போது நாற்பது இருந்தது, அவர் எண்ணவில்லை. அடுத்த பயணத்துக்கு எண் போடும்போது பெட்டியில் கடைசியாக நின்ற 4117ஐப் பார்த்து, 4118 என்று ஆரம்பித்தார். அவள் விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்ந்திருக்கிறார், தெரியாமலே. மடிப்பாவது காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். அவள் மடித்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், "இது பொட்டலமா, கசக்கின தலையணையா?" என்று வருடக்கணக்கில் கேலி செய்தவர் அவர். அந்த மடிப்புக்கு என்ன ஆயிற்று?

அன்று சாயங்காலம் இழுப்பறையைத் திறந்து, பட்டன்களைக் கொட்டிவிட்டு, காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். ஜனவரித் தாள்களில் மடித்தவை கோணல். பிப்ரவரி நடுவில் கொஞ்சம் தேவலை. மார்ச் முதல் வாரத் தாளில் மடித்ததை எடுத்து, ஒரு சின்னப் பட்டனை உள்ளே போட்டு மூடி, தலைகீழாகப் பிடித்தார். பட்டன் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைக்குப் போனார். படகுக்காரர் அவரைப் பார்த்ததும் பீடியை எறிந்துவிட்டு எழுந்தார்.

"அக்கா போன சேதி லேட்டாத்தான் சார் தெரிஞ்சுது."

"அவளத் தனியாக் கூட்டிட்டுப் போனியா?"

"ஆமா சார். அந்த மரத்துக்கிட்ட நின்னு சிரிச்சாங்க, அழுதாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. சார்கிட்ட சொல்லட்டுமான்னேன். வேணாம், அவராப் பிரிச்சுப் பாக்கட்டும், அவர் வாயாலதான் கேக்கணும்னாங்க."

"இப்ப கூட்டிட்டுப் போ."

"எங்க சார் போறது? அந்த வருஷ மழையிலயே கரை சரிஞ்சு மரமும் போச்சு. வெறும் தண்ணிதான் இருக்கு."

ஆக உலகத்தில் அந்த லைக்கன் காய்த்ததற்குச் சாட்சியாக இருந்தது அந்தப் பொட்டலம் ஒன்றுதான். மேடம் இரண்டு வாரம் வேறு வேலையைத் தொடவில்லை. ஒரே ஒரு கனியைப் பிளேடால் சீவி, கண்ணாடியில் வைத்து, வித்துகளைப் பார்த்து, அளந்து, வரைந்தார். வர்ணனை எழுதும்போது ஒரு இடத்தில் நின்றுவிட்டார். உயிரோடு மரத்தில் இருக்கும்போது அது எப்படி இருந்தது என்பதை மேடம் பார்த்ததே இல்லை. பொட்டலம் சாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நனைஞ்சிருக்கும்போது என்ன கலர் சார்?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவள் குரல்தான் வந்தது.

"காஞ்சா சாம்பல். நனைஞ்சா பச்சை மேல வரும். சில்வர் தட்டுல தண்ணி காஞ்சு கறை நிக்குமே, அந்த மாதிரி ஓரம்னு சொல்வா."

மேடம் அதைக் கிட்டத்தட்ட அப்படியே எழுதிக்கொண்டார். பெயரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, அவள் பெயருக்கு ஒரு லத்தீன் வாலை ஒட்டி முதல் நாளே முடிவு செய்துவிட்டிருந்தார்.

கட்டுரை அச்சாகி வந்த அன்று, அந்தப் பொட்டலத்தைச் சிவப்புக் கரை போட்ட உறைக்கு மாற்ற வேண்டும். ஒரு இனத்துக்கு ஆதாரமான மூல மாதிரி தனி அலமாரிக்குப் போகும், சாவி மேடத்திடம் இருக்கும். சேகரித்தவர் எழுதிய சீட்டும் அதனோடு போக வேண்டும், எந்தக் காலத்திலும் பிரிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை மீறியதற்காக அவரே இரண்டு பேரை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார். சீட்டை உறைக்குள் வைக்கப் போய், திரும்ப வெளியே எடுத்தார். அவள் கையெழுத்து என்று வீட்டில் வேறு எதுவும் இல்லை. தையல் கடை நோட்டுப் புத்தகங்களைக் கடைக்காரர் எப்போதோ பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டிருந்தார்.

"சார், வேணும்னா ஒரு ஜெராக்ஸ் வெச்சிட்டு அதை நீங்க..." மேடம் முடிக்கவில்லை.

"வேணாம் மேடம். அதுகூடவே இருக்கட்டும்."

சீட்டை உள்ளே வைத்தார். மேடம் இன்னொரு சின்னச் சீட்டை அவர் முன்னால் நகர்த்தினார். மாதிரியைப் பார்த்து ஆராய்ந்தவர்கள் தங்கள் பெயரும் தேதியும் எழுதி உள்ளே போடும் சீட்டு. விஞ்ஞானிகள் போடுவது. முப்பத்துச் சொச்சம் வருடத்தில் அவர் ஆயிரக்கணக்கில் அதை வெட்டிக் கொடுத்திருக்கிறார், ஒன்றில்கூட எழுதியதில்லை.

"முதல்ல பாத்தது நீங்கதானே சார். நீங்க போடுங்க."

அவர் பென்சிலை எடுத்தார். பெயர் எழுதினார். பார்த்தேன் என்று எழுதினார். தேதி போடும் இடத்தில் கை நின்றது. அன்றைய தேதியைப் போடுவதா, பிரித்த தேதியைப் போடுவதா என்று மேடத்திடம் கேட்டார்.

"பாத்த தேதிதான் சார்."

மே பதினொன்று என்று எழுதி, வருடத்தையும் போட்டார். அவள் சீட்டில் மார்ச் ஒன்பது. இனி யார் அந்த உறையைத் திறந்தாலும் இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கழித்துப் பார்த்தால் மூன்று வருடம், இரண்டு மாதம், இரண்டு நாள். அவள் அதில் ஏறக்குறையப் பாதி நாள் உயிரோடு இருந்தாள், ஐந்தாறு மாதம் தினம் சாயங்காலம் கேட்டாள்.

புது உறையை அவரே மடித்தார். கீழ்விளிம்பை மேலே, மேல்விளிம்பைக் கீழே, இரண்டு பக்கமும் பின்னால். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மேடம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அவர் பிரித்துத் திரும்ப மடித்தார், மறுபடியும் தூக்கிக்கொண்டது.